நான்கு தட ஒலிப்பதிவுப் பெட்டி – வாங்குமுன் ஒரு சோதனை

இசையை வேண்டாம் என்பார் எங்கள் வகுப்பில் ஒருவரும் இலர். ஆயினும் பாடியதை எப்படிப் பதிந்து வைப்பது என்று கேட்டால், "கைப்பேசியை எதிரே வைத்தால் போயிற்று" என்பதே எல்லாரிடமிருந்தும் வரும் விடை. சென்ற ஆண்டு வரை நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

நாங்கள் மூவர். ஒருத்தி பாடுவாள், ஒருத்தி வயலின் வாசிப்பாள், மற்றவளுக்குக் கிட்டாரும் கீபோர்டும் கொஞ்சம் கொஞ்சம் வரும். வயலின் தோழியின் தந்தைக்கு வேற்றூருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அவள் போவதற்குள் நாங்கள் சேர்ந்து அமைத்த நான்கு பாடல்களையாவது ஒழுங்காகப் பதிந்துவிட வேண்டும் என்று உறுதி கொண்டோம். கைப்பேசியை மேசை மேல் வைத்துப் பதிந்தால் வயலின் மட்டும் ஓங்கி நின்றது. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. தனித்தனியே பதிந்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் செயலி ஒன்றையும் முயன்று பார்த்தோம். எங்கள் பழைய கைப்பேசியில் முன்பு பதிந்தது காதுக்கு வந்து சேருவதிலும், பாடுவது உள்ளே பதிவதிலும் சிறு தாமதம் இருந்தது. தாளம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிந்தியே விழுந்தது. இந்நிலையில்தான், எங்கள் தெருவில் வீடு காலி செய்துகொண்டிருந்த அக்கா ஒருவரிடம் "நாலு தடவை பதியும் டேப் ரிக்கார்டர்" ஒன்று விலைக்கு இருப்பதாகச் செய்தி வந்தது. அவர் சொன்ன விலை 6,000 ரூபாய். எங்களிடம் இருந்ததோ 4,500.

அது நாலு தடவை பதியும் பெட்டி அன்று. நாலு தடங்களில் பதியும் பெட்டி. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகம் செய்த காசெட்டுக்குள் இருக்கும் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர்தான், அதாவது ஒரு பச்சரிசி மணியின் நீளம்கூட இராது. சாதாரண ஸ்டீரியோ டேப் ரிக்கார்டர் இந்த அகலத்தை நான்கு கோடுகளாகப் பிரித்துக்கொள்கிறது. 'ஏ' பக்கத்தைப் போட்டால் கீழ்ப்பாதியில் இடது, வலது என இரண்டு கோடுகள்; காசெட்டைத் திருப்பிப் போட்டால் மறுபாதியில் எதிர்த்திசையில் ஓடும் இரண்டு கோடுகள். நான்கு தடப் பெட்டி செய்வது என்னவென்றால், இந்த நான்கு கோடுகளையும் ஒரே திசையில், ஒரே நேரத்தில் பயன்படுத்திக்கொள்வதுதான். ஆகவே அதில் காசெட்டைத் திருப்பிப் போடும் வேலையே இல்லை. முதல் தடத்தில் கிட்டார் பதியலாம். அதைச் செவிப்பேசியில் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் வயலின். இரண்டையும் கேட்டுக்கொண்டே மூன்றாம் தடத்தில் குரல். பாட்டில் பிசகு நேர்ந்தால் குரலை மட்டும் அழித்து மீண்டும் பதியலாம். மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். ஒரே ஒருத்தி தனியாக அமர்ந்து நால்வராகவும் பாடிக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. பெரிய ஒலிப்பதிவுக் கருவிகளில் பதியும் ஹெட் ஒன்று, ஒலிக்கும் ஹெட் வேறொன்று. இரண்டுக்கும் இடையே 4 சென்டிமீட்டர் இருந்து நாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழையதைக் கேட்டுப் புதியதைப் பாடுபவர் ஏறத்தாழப் பத்தில் ஒரு நொடி பிந்திவிடுவார். எங்கள் கைப்பேசியின் கதைதான்! அமெரிக்காவில் ஆம்பெக்ஸ் நிறுவனத்தார் 1950-களில் இதற்கு வழி கண்டார்கள். பதியும் ஹெட்டின் ஒரு பகுதியையே முன்பு பதிந்த தடத்தை ஒலிக்கவும் பயன்படுத்தினார்கள். அவர்கள் செய்த எட்டுத் தடக் கருவியைக் கிட்டார் மேதை லெஸ் பால் 1957-ல் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். அவர் அதற்கு முன்பே, இசைத்தட்டின் மேல் இசைத்தட்டாகப் பதிந்து, தம் ஒரு கிட்டாரைப் பல கிட்டார்களாக ஒலிக்கச் செய்தவர். காசெட் பெட்டியில் இச்சிக்கல் இன்னும் எளிதாகத் தீர்கிறது. ஒரே ஹெட்டில் நான்கு இடைவெளிகள்; ஒவ்வொன்றையும் தனித்தனியே பதியவோ ஒலிக்கவோ வைக்கலாம்.

இத்தகைய காசெட் பெட்டிகளுள் முதலாவது 1979-ல் ஜப்பானின் டீயாக் நிறுவனம் வெளியிட்ட 144 போர்ட்டாஸ்டூடியோ. அதன் புகழுக்குப் பெரிதும் காரணமானவர் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியில் ஒரு வாடகை வீட்டின் படுக்கையறையில் இருந்தபடி, இரண்டு மைக்குகளையும் அந்தப் பெட்டியையும் வைத்துக்கொண்டு, தம் குழுவுக்குப் பாடல்களைக் கற்பிப்பதற்காகவே அவர் மாதிரிப் பதிவு செய்தார். பிறகு குழுவுடன் கூடத்தில் அப்பாடல்களைப் பதிந்து பார்த்தபோது, வீட்டுப் பதிவில் இருந்தது அதில் அகப்படவில்லை. இறுதியில், உறையும் இல்லாமல் சட்டைப்பையில் போட்டுத் திரிந்த அந்தக் காசெட்டே அவ்வாண்டு செப்டம்பரில் 'நெப்ராஸ்கா' என்னும் இசைத்தட்டாக வெளிவந்தது. இதைப் படித்தபின் எங்களுக்கும் ஆசை பெருகிவிட்டது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. பழைய பொருள் வாங்கப் போகும்போது ஆசையை வீட்டிலேயே விட்டுப் போவது நல்லது என்று பின்னர் உணர்ந்தோம்.

நல்ல வேளையாக, நாங்கள் தனியே போகவில்லை. எங்களுள் ஒருத்தியின் தந்தைக்கு நண்பரான ரேடியோ ரிப்பேர் கடைக்காரரையும் அழைத்துச் சென்றோம். அறுபது வயதைத் தாண்டியவர். நாங்கள் 'மாமா' என்போம். போனவுடன் நாங்கள் பெட்டியைப் பார்த்தோம். மாமாவோ அதனுடன் இருந்த மின்மாற்றிச் செருகியைப் பார்த்தார். அது 100 வோல்ட்டுக்கு ஆனது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் நாட்டிலோ 230. அப்படியே சுவரில் செருகியிருந்தால் எங்கள் ஆராய்ச்சி அரை நிமிடத்தில் புகையோடு முடிந்திருக்கும். பெட்டியின் பின்புறம் எத்தனை வோல்ட், எது நேர்முனை என்று குறித்திருந்ததைப் படித்துவிட்டு, தாம் கொண்டுவந்த வேறோர் அடாப்டரை இணைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. "ஆஹா, ஓடுகிறது!" என்றோம். "விளக்குதான் எரியுது" என்றார் மாமா.

இனி நாங்கள் செய்த பிழையைச் சொல்கிறோம். பெட்டிக்குள் முன்பே ஒரு காசெட் இருந்தது. அதன் மேல் எழுத்து ஏதுமில்லை. சோதிப்பதற்கு வசதியாக உள்ளேயே ஒன்று இருக்கிறதே என்று மகிழ்ந்து, மூன்றாம் தடத்தைப் பதியும் நிலைக்குத் தள்ளி, பொத்தான் மேல் விரலையும் வைத்துவிட்டாள் எங்களுள் ஒருத்தி.

"பிள்ளைகளா, கையை எடுங்க! அதுல என்ன இருக்குன்னு கேட்டீங்களா?"

பெட்டியின் சொந்தக்காரர் அக்காவின் அப்பா, கிட்டார் கற்றுக்கொடுத்தவர், இப்போது இல்லை. காசெட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது அக்கா சொன்னார்: "அப்பா வாசிச்சது. சாதா டேப்புல போட்டுக் கேட்டிருக்கோம். ஒரு பக்கம் கிட்டார் நல்லா கேக்கும். மறுபக்கம் கெட்டுப்போச்சு, ஒரே உளறலா இருக்கும்."

மாமா ஒன்றும் சொல்லாமல் காசெட்டை வெளியே எடுத்தார். அதன் முதுகில் இரு மூலைகளிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் பற்களைத் திருப்புளியால் பெயர்த்துவிட்டார். அந்தப் பற்கள் இல்லாத காசெட்டில் பதியும் பொத்தான் இறங்காது. பழைய பெட்டியைச் சோதிக்கப் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய காரியம் இதுதான். பிறகு தம் பையிலிருந்து ஒன்றுக்கும் உதவாத பழைய காசெட் ஒன்றைப் போட்டு ஓடவிட்டார். பாட்டு தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் இழுத்தது; அரை நிமிடத்தில் நின்றேவிட்டது. திறந்து பார்த்தால் பெல்ட் உருகிக் கறுப்புத் தார்போல் சக்கரத்தில் ஒட்டியிருந்தது.

இதைக் கண்டு நாங்கள் சோர்ந்துபோனோம். மாமா சோரவில்லை. பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த காசெட் பெட்டியில் பெல்ட் உருகுவது இயல்பே என்றார். பெல்ட் போனதற்காகப் பெட்டியைக் கழிக்கக் கூடாது, ஹெட் தேய்ந்திருந்தால் மட்டும் யோசிக்காமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்றார். பெல்ட் சில நூறு ரூபாயில் கிடைத்துவிடும். நான்கு தட ஹெட்டோ, மற்றொரு பெட்டியைப் பலி கொடுத்தால்தான் கிடைக்கும். இந்தப் பழைய மாதிரிகள் இப்போது புதிதாக வருவதில்லை. உதிரிப் பாகமும் அப்படியே. ஆகவே ஹெட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டோம். பஞ்சு சுற்றிய குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்தால், பல்லாண்டு ஓடிய நாடாக்களின் பழுப்புத் துகள் வந்துவிடும். பிறகு கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து, நாடா உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நோக்க வேண்டும். மரத்தாலான பல்குத்தும் குச்சியை மெல்லக் குறுக்கே இழுத்தால் விளிம்பு தட்டுப்படும். இரும்பு எதையும் அருகே கொண்டுபோகலாகாது. எங்கள் பெட்டியில் தேய்மானத்தின் அடையாளம் பளபளப்பாகத் தெரிந்தது. பள்ளம் குச்சிக்குத் தட்டுப்படவில்லை. நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை மட்டும் கண்ணாடிபோல் வழவழத்திருந்தது. அதைத் துடைத்துச் சற்றே சொரசொரப்பாக்கினார் மாமா.

"கடைக்கு எடுத்துட்டுப் போங்க. ஓடினா வாங்கிக்குங்க, ஓடலைன்னா பெல்ட் காசை நான் தந்துடுறேன்" என்றார் அக்கா. பெல்ட் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்து சேரப் பத்து நாட்கள் ஆயின. அந்தக் காசெட்டும் பத்து நாட்களும் மாமாவின் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. பெட்டி நம்பத்தக்கது என்று தெரியும்வரை அதைப் போடக் கூடாது என்பது அவர் கட்டளை. நாடாவைச் சுருட்டி விழுங்கும் பெட்டிக்குக் கொடுக்கக்கூடியது அன்று அது.

பெல்ட் மாற்றியபின் நாங்களே சோதனைகளைச் செய்தோம். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. சுருதிப் பெட்டி போதும். மின்னணுச் சுருதிப் பெட்டியின் ஒலி ஆடாமல் அசையாமல் நிற்பது. அதை ஐந்து நிமிடம் பதிந்து திரும்ப ஒலித்தால், நாடாவின் ஓட்டத்தில் உள்ள தடுமாற்றம் எதுவாயினும் வெட்டவெளிச்சமாகத் தெரிந்துவிடும். பாட்டில் நடுக்கம் இருந்தால் கமகம் என்று ஏமாறலாம். சுருதியில் ஏமாற முடியாது. பழைய பெல்ட்டில் தள்ளாடிய ஒலி புதிய பெல்ட்டில் நின்றுவிட்டது. உற்றுக் கேட்டால் மிக மெல்லிய அலைவு ஒன்று உண்டு. காசெட் என்றால் அது இருக்கத்தான் செய்யும்.

ஆனால் வேகம் சரிதானா என்பதை இந்தச் சோதனை காட்டாது. பெட்டி வேகமாக ஓடினால், பதியும்போதும் வேகம், ஒலிக்கும்போதும் அதே வேகம். தவறு தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும். அதற்கு, கடையில் வாங்கிய பாட்டுக் காசெட் ஒன்றைப் போட்டு, அதே பாடலைக் கணினியில் ஒலித்து ஒப்பிட வேண்டும். வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு மாறினால் சுருதி ஓர் அரைச் சுரம் நகர்ந்துவிடும். இப்பெட்டிகளில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒன்றும் உண்டு. அது நடுவில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நாங்கள் பார்க்க மறந்து, கால் மணி நேரம் பெட்டியை வைதோம்.

வேகத்தைப் பற்றி இன்னொன்று. சாதாரணக் காசெட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுவது. 144 போன்ற பெட்டிகளில் அதைப்போல் இரு மடங்கு. வேகம் கூடினால் ஒலி தெளிவு பெறும். நாடா விரைவில் தீரும். 60 நிமிடக் காசெட்டைத் திருப்பிப் போட முடியாததால் சாதாரண வேகத்தில் 30 நிமிடம், இரட்டை வேகத்தில் 15 நிமிடம்தான். எங்களுடையது எளிய மாதிரி, சாதாரண வேகந்தான்.

அடுத்தது தடங்களின் சோதனை. ஒவ்வொரு தடத்திலும் "இது முதல் தடம்", "இது இரண்டாம் தடம்" என்று ஒரே அளவு குரலில் பேசிப் பதிந்து, ஒவ்வொன்றாகக் கேட்டோம். முதல் மூன்றும் நன்றாயிருந்தன. நான்காம் தடத்தில் மட்டும் 'ச', 'ஸ' ஒலிகள் மழுங்கின. போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. இருமுறை ஹெட்டைத் துடைத்தபின் சற்றுத் தேறியது, முற்றும் தேறவில்லை. முதலாம், நான்காம் தடங்கள் நாடாவின் ஓரங்களில் இருப்பவை; ஓரம் மடிந்தாலோ ஹெட்டோடு சரியாகப் பொருந்தாவிட்டாலோ முதலில் பாதிக்கப்படுவது அவையே. பிறகு மூன்றாம் தடத்தில் கைதட்டலை உரக்கப் பதிந்து, அதைத் தணித்துவிட்டு இரண்டையும் நான்கையும் கேட்டோம். தூரத்தில் யாரோ தட்டுவதுபோல் மெல்லக் கேட்டது. கோடுகள் அவ்வளவு நெருக்கமாக இருக்கையில் கொஞ்சம் கசிவதைத் தவிர்க்க முடியாது. ஒலி அளவைக் கூட்டும் குமிழ்கள் கரகரத்தன; கான்டாக்ட் கிளீனர் தெளித்து முப்பது முறை திருகியபின் அடங்கின. அழிக்கும் ஹெட் வேலை செய்கிறதா என்பதைப் பலர் சோதிப்பதில்லை என்றார் மாமா. உரத்த பாட்டின் மேல் மௌனத்தைப் பதிந்து கேட்க வேண்டும். பழைய பாட்டு ஆவிபோல் தலைகாட்டினால் அது வேலை செய்யவில்லை என்று பொருள். எங்களுடையது துடைத்துவிட்டதுபோல் அழித்தது. அந்தச் சோதனையின்போது எங்கள் மூவருக்கும் ஒரே நினைவுதான்: அன்றைக்கு அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால்?

இத்தனைக்கும் பிறகே அக்காவை அழைத்து வந்து, அவர் அப்பாவின் காசெட்டைப் போட்டோம். முதல் தடத்திலும் இரண்டாம் தடத்திலும் கிட்டார். அவர் பலமுறை கேட்டது அதுதான். மாமா மூன்றாவதையும் நான்காவதையும் ஏற்றினார். 'கெட்டுப்போன மறுபக்கம்' கெடவே இல்லை. சாதாரண டேப் ரிக்கார்டரில் காசெட்டைத் திருப்பிப் போட்டபோது அந்த இரு தடங்களும் பின்னிருந்து முன்னாக ஓடியிருக்கின்றன, அதனால்தான் உளறல். மூன்றாம் தடத்தில் அவர் அப்பா சொல்லில்லாமல் ராகத்தை முனகிக்கொண்டிருந்தார். நான்காவதில் விரலால் பலகையில் தட்டும் தாளம், நடுவே குக்கர் விசில், பிறகு, "அப்பா, முடிஞ்சுதா?" என்று ஒரு சிறுமியின் குரல், "உஷ்" என்று ஓர் அதட்டல்.

அக்கா வெகுநேரம் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. மாமா மட்டும், "இன்னொரு தரம் போடட்டுமா?" என்று கேட்டார்.

அதைக் கணினிக்கு மாற்றித் தருவதாக நாங்கள் ஏற்றுக்கொண்டோம். பெட்டியிலிருந்து வெளியே வருவது இடது, வலது என்னும் இரண்டு வழிகள்தாம். ஆகையால் முதல் தடத்தை இடது ஓரத்துக்கும் இரண்டாவதை வலது ஓரத்துக்கும் தள்ளி ஒரு முறை, மூன்றையும் நான்கையும் அவ்வாறே மறுமுறை, ஆக இரு முறை ஓட்டிப் பதிந்தோம். பிறகு ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் நான்கையும் சேர்த்தால், தொடக்கத்தில் பொருந்தியவை மூன்றாம் நிமிடத்தில் விலகின. நாடா இரு முறையும் அணுவளவும் மாறாமல் ஓடுவதில்லை அல்லவா? நான்காம் தடத்தின் தாளத்தில் கிட்டார் ஒலி மெல்லக் கசிந்திருந்ததைப் பிடித்துக்கொண்டு, துண்டு துண்டாக நகர்த்திப் பொருத்தினோம். குறை என்று எழுதிவைத்த கசிவே அன்றைக்குக் கை கொடுத்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

இந்த நிலையில் விலை பேச எங்களுக்கு வாய் வரவில்லை. மாமாதான் பேசினார். நான்காம் தடத்தின் குறை, தேய்மானம், வேறு அடாப்டரின் செலவு ஆகியவற்றை அக்காவின் முன்னிலையிலேயே தாளில் எழுதிக் காட்டி, 4,000 ரூபாய் நியாயம் என்றார். அக்கா சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாமா ஒப்பவில்லை. பெல்ட்டும் புதிய காசெட்டுகளும் சேர்ந்து எங்கள் 4,500-க்கு மேல் போய்விட்டது. மிச்சத்தை எங்கள் வீட்டார் முணுமுணுத்துக்கொண்டே தந்தார்கள்.

இப்படிப்பட்ட பெட்டியை இன்று வாங்கலாமா என்று எங்களைக் கேட்ட தோழியர்க்கு ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். நல்ல கணினியும் ஒலியை உள்வாங்கும் சிறு கருவியும் வீட்டில் இருந்தால், தெளிவிலும் வசதியிலும் இந்தப் பெட்டி அவற்றின் அருகில் நிற்காது. இரைச்சல் உண்டு. அதைக் குறைக்க டால்பி, டி.பி.எக்ஸ். என்று முறைகள் உண்டு. ஆனால் எந்த முறையில் பதிந்தோமோ அதே முறையில்தான் ஒலிக்க வேண்டும். மாறினால் ஒலி மங்கும் அல்லது பொங்கும். 120 நிமிடக் காசெட்டின் நாடா மிக மெல்லியது. அதை இதில் போடவே கூடாது. ரிப்பேர் தெரிந்த ஒருவர் அருகில் இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவாயினும் வாங்காதீர்கள் என்றே சொல்வோம்.

இதற்கு உள்ள அழகு வேறு. தடம் நான்குதான் என்றால் முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது. மூன்று தடங்களைக் கலந்து நான்காவதில் ஏற்றிவிட்டால் மூன்றும் மீண்டும் காலியாகும்; ஏற்றும்போதே புதிதாக ஒரு குரலையும் சேர்க்கலாம். இப்படி நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என ஏற்றிக்கொண்டே போனால் கணக்குப்படி பத்துப் பகுதிகள் வரை அடுக்கலாம். ஆனால் ஒவ்வோர் ஏற்றத்திலும் இரைச்சல் கூடும். கலந்ததைப் பிரிக்கவும் முடியாது. குரல் சற்று ஓங்கிவிட்டது என்று மறுநாள் வருந்திப் பயனில்லை. 1967-ல் வெளிவந்த 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தட்டைப் பீட்டில்ஸ் குழுவினர் நான்கு தடக் கருவிகளில்தான், இவ்வாறு கலந்து கலந்து ஏற்றிப் பதிந்தார்கள். அவர்களுடைய நாடா ஓர் அங்குல அகலம். எங்களுடையதோ அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே நாங்கள் ஓர் ஏற்றத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

வயலின் தோழி ஊருக்குப் போவதற்கு முந்தின வாரம் நான்கு பாடல்களும் முடிந்தன. மூன்றாம் பாடலில் மின்வெட்டு வந்து நின்ற இடம் கேட்கிறது. நேரமில்லாமையால் அப்படியே விட்டோம். அவள் ஒரு பிரதியை எடுத்துச் சென்றிருக்கிறாள். இப்போது அவள் அங்கிருந்து வயலினை மட்டும் பதிந்து அனுப்ப, நாங்கள் அதை ஒரு தடத்தில் ஏற்றி மேலே பாட முயன்றுகொண்டிருக்கிறோம். மழுங்கிய நான்காம் தடத்தில் எப்போதும் சுருதிப் பெட்டியைத்தான் வைக்கிறோம். அதற்குக் 'ச', 'ஸ' தேவையில்லை.